அத்தையின் ஜெயில் கடிதங்கள்

அத்தை ஜெயிலிலிருந்து எழுதிய முதல் கடிதத்தில் பதினோரு பிழைகள் இருந்தன. நான் அப்போது ஐந்தாம் வகுப்பு. சிவப்புப் பேனாவால் எல்லாவற்றையும் வட்டமிட்டுத் திருத்தி, அந்தக் கடிதத்தையே திருப்பி அனுப்பிவிட்டேன்.

அத்தை, அப்பாவின் தங்கை. திருமுல்லைவாயிலில் எங்களோடுதான் இருந்தாள். விடிந்தால் எல்லோருக்கும் சமையல், பிறகு அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு தையல் கம்பெனியில் வேலை. தெருவில் ஒரு மாதமாகத் தண்ணீர் வரவில்லையென்று பெண்களைத் திரட்டிக்கொண்டு குடத்தோடு சாலையில் உட்கார்ந்தாள். பிடித்துக்கொண்டுபோன போலீஸ்காரர்கள் மற்றவர்களை மாலையிலேயே விட்டுவிட்டார்கள். தலைமை தாங்கியவள் என்று அத்தையை மட்டும் உள்ளே வைத்தார்கள். ஜாமீன் கிடைக்க இரண்டு மாதம் ஆயிற்று.

நான் செய்த காரியம் தெரிந்து அப்பா அடிக்க வந்தார். ஆனால் அடுத்த கடிதத்தில் பிழை ஐந்துதான். அதற்கடுத்ததில் ஒன்று. ஜெயில் நூலகத்தில் புத்தகம் எடுப்பதாகவும், வெளிச்சம் போகும்வரை ஜன்னலோரம் உட்கார்ந்து படிப்பதாகவும், சோறு கேட்டு யாரும் கூப்பிடுவதில்லை என்றும் எழுதியிருந்தாள். கூட இருந்த பெண்களுக்கு மனு எழுதித் தருவதும் அவள்தானாம். நான் திருத்தி அனுப்பியதிலிருந்து ஒவ்வொரு கடிதமும் 'என் கண்ணு டீச்சருக்கு' என்று தொடங்கும். தபால்காரர் வண்டிச் சத்தம் கேட்டாலே வாசலுக்கு ஓடுவேன்.

வெளியே வந்தபின் அத்தை தெருவுக்கே மனு எழுதித் தந்தாள். அவள் எழுதியதை அதிகாரிகளால் சுலபமாக ஒதுக்கித்தள்ள முடியவில்லை. அடுத்த தேர்தலில் கவுன்சிலர் ஆனாள். வீடு நிறைய ஆட்கள், மேசை நிறையக் காகிதம், காலையில் அதே சமையல். எனக்கு மட்டும் ஒரு வரிகூட எழுதவில்லை. ஒரே வீட்டில் இருப்பவளுக்கு யார் கடிதம் எழுதுவார்கள் என்பது எனக்குத் தோன்றவில்லை. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் மாதா முன்னால் முட்டிபோட்டு, அத்தையை இன்னொரு தடவை பிடித்துக்கொண்டு போகவேண்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

மாதா கேட்கவில்லை. அத்தையிடமே கேட்டேன். அன்று கூடத்தில் சால்வையோடு ஆட்கள் காத்திருந்தார்கள்.

"அத்த, மறுபடி எப்போ ஜெயிலுக்குப் போவ?"

அம்மா என் வாயைப் பொத்தினாள். அத்தை அந்தக் கையை விலக்கிவிட்டாள். "ஏன் கண்ணு, அத்த மேல இன்னா கோவம்?"

"அங்க இருந்தாத்தான் நீ லெட்டர் போடுற."

அத்தை பேனாவை மூடிவைத்தாள். கொஞ்ச நேரம் என் தலையைத் தடவிக்கொண்டிருந்தாள். "எனக்கும் அங்க போவணும்னுதான் கீது, டீச்சரம்மா" என்றாள்.

கூடத்தில் எல்லோரும் சிரித்தார்கள். கிண்டல் செய்கிறாள் என்று நினைத்து நானும் சிரித்தேன்.