பத்தாயத்தின் மேல் இரண்டு ஸ்பீக்கர்கள்

கேசட்டில் தவில் தொடங்கியதும் எங்கள் வீட்டுப் பத்தாயத்தில் உள்ளங்கையை வைத்தால் முழங்கை வரைக்கும் குறுகுறுக்கும். பலகை அப்படி அதிரும். காதில் விழுவதோ தவில் இல்லை, சந்தில் டிராக்டர் திரும்புகிற மாதிரி ஒரு "தொம்… தொம்". அதே கேசட் எதிர்வீட்டில், பெரியப்பா மகள் கலா வீட்டில் ஓடினால் ஒவ்வொரு விரலும் தனித்தனியாகக் கேட்கும். எனக்கு வயிறு எரியும்.

இத்தனைக்கும் இரண்டும் ஒரே செட். சிங்கப்பூர் போயிருந்த சித்தப்பா, அண்ணன்மார் இருவருக்கும் பேதம் பார்க்காமல் ஒரே மாதிரி வாங்கி வந்தது. தரையில் வைத்தால் ஆடு முட்டும், குழந்தை இழுக்கும் என்று பூதலூர்ப் பக்கத்து எங்கள் ஊரில் விலையுள்ள எதுவும் நெல் கொட்டும் பத்தாயத்தின் மேல்தான் ஏறும். ஸ்பீக்கர்களும் இரண்டு வீட்டிலும் அங்கேதான் ஏறின.

"ஏண்டி, உங்க செட்டு இப்படி உறுமுது? சித்தப்பா நல்லதா பாத்து எங்களுக்குக் குடுத்துட்டாரோ?" என்றாள் கலா. நான் அதை அப்படியே நம்பினேன். மாற்றித் தரச் சொல்லி அப்பாவைப் பிடுங்கி எடுத்தேன். பெரியப்பாவுக்குச் சொந்த நிலம். அப்பாவுக்குக் குத்தகை நிலம்தான். "அண்ணன் வீட்டு வாசல்ல போயி எதையும் கேக்க மாட்டேன்" என்று அவர் எழுந்து போய்விட்டார்.

தை பிறந்து சம்பா அறுவடையானது. ஸ்பீக்கர்களை இறக்கி, குத்தகை அளந்தது போக மிஞ்சிய நெல்லைப் பத்தாயத்தில் கொட்டி, திரும்பவும் மேலே ஏற்றினோம். அன்று சாயங்காலம் எங்கள் வீட்டிலும் தவில் விரல்விரலாகப் பேசியது! கலாவுக்குக் கேட்கட்டும் என்று எல்லாக் கதவையும் திறந்துபோட்டேன். அந்தச் சந்தோஷம் பங்குனி வரைக்கும்கூடத் தாங்கவில்லை. பழைய உறுமல் வந்துவிட்டது. பத்தாயத்தின் அடிவாயில் கைவிட்டு நெல் வழித்துக்கொண்டிருந்த அம்மா நிமிராமலே சொன்னாள்: "உள்ள காலியாயிடுச்சு. அதான் பலகையும் கூடச் சேந்து கத்துது."

பெரியப்பா வீட்டுப் பத்தாயம் எந்த மாதத்திலும் காலியானதில்லை. அதுவரைக்கும் அவர்கள் செட்டைப் பார்த்துத்தான் பொறாமைப்பட்டேன்; அதற்குப் பிறகு அந்த வீட்டில் எதைப் பார்த்தாலும் பொறாமையாக இருந்தது.

இப்போது இரண்டு வீட்டிலும் பத்தாயம் இல்லை. நெல் வயலிலிருந்தே கொள்முதலுக்குப் போய்விடுகிறது. தஞ்சாவூரில் என் வீட்டு ஸ்பீக்கர்கள் கனத்த கருங்கல் பலகை மேல், தடித்த ரப்பர் கால்களில் நிற்கின்றன. போன மாதம் வந்திருந்த கலா கண்ணை மூடிக் கேட்டாள்.

"நாங்களும் இதே செட்டுதாண்டி வாங்குனோம். கண்ணாடி மேசை மேல வச்சிருக்கோம். தொம்மு தொம்முன்னு ஒரே எரைச்சல். கடைக்காரன் உனக்கு மட்டும் ஒசத்தியா பாத்துக் குடுத்துட்டானோ?"

"ஆமாண்டி, கொஞ்சம் ஒசத்திதான்" என்று சொல்லிவிட்டுக் காபி போடப் போனேன். மிச்சமிருந்த ரப்பர் கால்கள் சமையலறை இழுப்பறையில் கிடந்தன. கரண்டியை மட்டும் எடுத்துக்கொண்டு இழுப்பறையை மூடினேன்.