எழிலரசியும் செத்துப்போன இரண்டு மாடுகளும்

வேங்கிக்காலைத் தாண்டி ஏரிக்கரையை ஒட்டிய ஊரில், வேடியப்பனின் மகளாகப் பிறந்த எழிலரசி, 2006-ஆம் வருஷம் சென்னையில் ஆராய்ச்சி மாணவியாக இருந்தாள். லேசர் ஒளியால் ஒரு பொருளின் மூலக்கூறுகளைக் கிளப்பிவிட்டு, அவற்றின் எடையைச் சொல்லும் இயந்திரம் ஒன்று அவளுடைய ஆய்வுக்கூடத்தில் இருந்தது. ஊரில் யாராவது விசாரித்தால், “கண்ணுக்குத் தெரியாதத எடை போடறேன்” என்பாள். அதற்கு மேல் யாரும் கேட்டதில்லை.

அந்த ஐப்பசியில் அவள் ஊருக்கு வந்து இறங்கியபோது வீட்டு வாசலில் கூட்டம். ஒன்றுவிட்ட பெரியப்பா அப்பாதுரையின் இரண்டு கறவை மாடுகளும் விடிந்தபோது நுரை தள்ளிச் செத்துக் கிடந்தன. பொதுக்கிணற்றில் யார் எப்போது மோட்டார் ஓட்டுவது என்ற முறை விஷயமாக அவருக்கும் எழிலரசியின் அண்ணன் அன்பரசனுக்கும் கோடையிலிருந்தே பேச்சில்லை.

“வெஷம் வெச்சிட்டான்! என் வவுத்துல அடிச்சிட்டான்!” அப்பாதுரையின் கையில் கடப்பாரை இருந்தது.

“எனக்குக் கோவம் உங்க மேலதான். மாடு என்னா பண்ணுச்சு?” என்றான் அன்பரசன். உண்மைதான், ஆனால் அந்த நேரத்தில் சொல்லியிருக்கக் கூடாது. நாலு பேர் சேர்ந்து அப்பாதுரையை இழுத்துப் பிடிக்க வேண்டியதாயிற்று. அவர் நேரே போலீஸில் போய்ப் புகார் கொடுத்தார்.

கால்நடை மருத்துவர் கஸ்தூரி மாடுகளை அறுத்துப் பார்த்து, இரைப்பையில் இருந்ததை எடுத்து முத்திரையிட்டார். அரசு ஆய்வுக்கூடத்திலிருந்து முடிவு வர மாதக்கணக்காகும் என்றார். அதற்குள் இங்கே ஒரு கொலை விழுந்துவிடும் என்று எழிலரசிக்குத் தோன்றியது.

“எனக்குக் கொஞ்சம் குடுங்க டாக்டர். நான் பாக்கறேன்.”

“நீ அவன் தங்கச்சிதானே? எது வந்தாலும் இல்லன்னுதான் சொல்லுவ” என்றார் அப்பாதுரை.

“அப்ப நீங்களே எங்கூட வாங்க பெரியப்பா. டப்பா உங்க கையிலயே இருக்கட்டும்.”

கஸ்தூரி ஒரு பங்கைப் பிரித்துக் கொடுத்தார்; அப்பாதுரையும் கூட வந்தார். கொட்டகையில் மீந்த புல்லையும் தொட்டித் தண்ணீரையும்கூட எடுத்துக்கொண்டார். ஐஸ் டப்பாவை மடியில் அணைத்தபடி பஸ்ஸில் உட்கார்ந்தவர், திண்டிவனத்தில் டீக்குக்கூட இறங்கவில்லை.

பேராசிரியர் கோதண்டராமன் தயங்கித்தான் ஒப்புக்கொண்டார். “இது கேசுக்குச் செல்லாது. தெரிஞ்சிக்க மட்டும்தான்.”

முதலில் இரைப்பையில் இருந்ததிலிருந்து சாறு எடுத்து, வழக்கமான முறையில் பார்த்தாள். லேசரை வாங்கி மூலக்கூறுகளைத் தூக்கிவிடுவதற்காகச் சாற்றோடு ஒரு அமிலத்தைக் கலப்பார்கள். பெரிய புரதங்களுக்கு அது பொருத்தம். பூச்சிமருந்து போன்ற சின்ன மூலக்கூறுகளைத் தேடும்போதோ அமிலமும் கூடவே கிளம்பி, அதே எடைகளில் வந்து விழும். திரை முழுக்க முட்புதர்போலக் கோடுகள்.

“என்னா தெரியுது?” என்றார் அப்பாதுரை பின்னாலிருந்து.

“ஒண்ணும் தெரியல பெரியப்பா.”

“அதான பாத்தேன்.”

அவளுக்குக் காது சுட்டது. ஆராய்ச்சிக்காகத் தானே காய்ச்சி வைத்திருந்த தங்கக் கரைசலை எடுத்தாள். கண்ணுக்குத் தெரியாத தங்கத் துகள்கள் மிதந்ததில், அது மாதுளைச் சாறுபோல் சிவந்திருந்தது. அமிலத்துக்குப் பதில் அந்தத் துகள்கள் லேசரின் சூட்டை வாங்கிக்கொள்ளும். தங்கம் தனக்கென்று தெரிந்த இடங்களில் ஓரிரு கோடுகள் போடுவதோடு சரி. கலந்து, தட்டில் சொட்டு வைத்து, காயவிட்டு, உள்ளே செலுத்தினாள்.

இந்த முறை திரை சுத்தமாக இருந்தது. நடுவில் இரண்டு கோடுகள் நிமிர்ந்து நின்றன. ஆய்வுக்கூடத்தில் இருந்த பூச்சிமருந்து மாதிரியைத் தனியே வைத்துப் பார்த்தாள். அதே இடம், அதே இரண்டு கோடுகள். அன்பரசன் கடலைக்கு அடிக்கும் மருந்து. அந்த டின் அவர்கள் வீட்டு மாட்டுக்கொட்டகை மூலையில் இருக்கிறது.

பின்னால் பெரியப்பா மூச்சு விடுவது கேட்டது. அவருக்கு இந்தக் கோடுகள் புரியாது. இல்லையென்று சொல்லிவிட்டால் அவ்வளவுதான், யாரும் கேட்கப் போவதில்லை.

“இருக்குது பெரியப்பா” என்றாள். “எங்கண்ணன் அடிக்கிற மருந்துதான்.”

அவர் எழுந்துவிட்டார். “சொன்னேன்ல!”

“உக்காருங்க. இன்னும் முடியல.” “தண்ணியும் புல்லும் பாக்கணும்.”

தண்ணீரில் எதுவும் இல்லை. தொட்டியில் கொட்டிய விஷமென்றால் அங்கேதான் முதலில் தெரிந்திருக்கும். புல்லில் அந்தக் கோடுகள் உயர்ந்து நின்றன.

“இந்தப் புல்லு எங்க அறுத்தது?”

அப்பாதுரை யோசித்தார். “காசியம்மாதான் அறுத்தாந்தா. நம்ம வரப்புல… உங்க கடலைக் கொல்லைய ஒட்டி.” பெரியம்மாவைத்தான் சொன்னார். பிறகு ஸ்டூலில் மெல்ல உட்கார்ந்தார். “முந்தின சாய்ங்காலம் அவன் மருந்தடிக்கிற மிஷினத் தூக்கிட்டுப் போனான். நான் பாத்தேன். பேசறதில்லையே, அதான் எதுவும் கேக்கல.”

எழிலரசி அங்கிருந்தே அண்ணனுக்குப் போன் போட்டு, புல்லில் மருந்து இருந்ததைச் சொன்னாள். “காத்து அந்தப் பக்கம் அடிச்சிது” என்றான். “வரப்புப் புல்ல அறுக்காதீங்கன்னு சொல்லியிருக்கணும். மூஞ்சியப் பாக்கப் பிடிக்காம வந்துட்டேன்.”

அப்பாதுரை புகாரைத் திரும்பப் பெற்றார். அன்பரசன் தன் சினைப்பசுவை ஓட்டிக்கொண்டுபோய் அவர் கொட்டகையில் கட்டினான். பெரியப்பா வேண்டாம் என்று சொல்லவில்லை; வா என்றும் சொல்லவில்லை. தங்கையிடம் அவன் பொங்கல்வரை பேசவில்லை. “என்கிட்ட மொதல்ல சொல்லியிருக்கலாம்” என்று அம்மா திரௌபதியிடம் மட்டும் குறைபட்டுக்கொண்டான்.

பட்டம் வாங்கியபின் எழிலரசி தங்கத்தை விட்டு, இதே சோதனைக்கு அதைவிட மலிவான துகள்களைத் தேடிப் போனாள். எந்த மருந்தடித்தாலும் வரப்பில் குச்சியில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டி நட்டுவைப்பது அந்த ஊரில் வழக்கமாயிற்று. அதை முதலில் நட்டவர் அப்பாதுரை.