எதிர்பார்ப்பு என்று ஒரு கட்டம்

எங்க தாய்மாமன் பெரம்பலூரில் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், ஒரு உரக்கடை மாடியில், கல்யாணத் தகவல் மையம் வைத்திருக்கிறார். தகவல் மையம் என்றதும் பெரிசாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். ஒரு மேசை, ஒரு ஃபேன், ஒரு இரும்பு பீரோ, நாலு கட்டை நோட்டு. மற்றபடி மையம் ஓடுவது அவர் வாயில்தான். நோட்டெல்லாம் வருகிறவர்களுக்கு ஒரு நம்பிக்கை வரட்டும் என்பதற்காக.

நான் அரியலூரில் இருக்கிறேன். வீட்டிலிருந்தபடியே ஒரு பெங்களூர் கம்பெனிக்கு வேலை பார்க்கிறேன். என்ன வேலை என்று கேட்கிற சொந்தக்காரர்களுக்கு "கம்ப்யூட்டர்ல" என்று சொல்லி முடித்துக்கொள்வேன். உண்மையில், வெளியிலிருந்து வருகிற விவரங்கள் ஒழுங்காக இருக்கிறதா என்று சரிபார்க்கிற ஸ்கிரிப்ட் எழுதுவது என் வேலை. ஒழுங்காக இல்லையென்றால் முகத்தில் அடித்தாற்போல் காரணத்தைச் சொல்லித் திருப்பி அனுப்ப வேண்டும். எனக்குச் சின்ன வயசிலிருந்தே மூக்குக்கு மேல் கோபம் வரும். அதற்கு மாசச் சம்பளமும் கொடுக்கிறார்கள் என்பது என் அதிர்ஷ்டம்.

போன வருஷம் ஒருநாள் மாமா போன் செய்தார். "ஏ புள்ள, இந்த நாலு நோட்டையும் கம்ப்யூட்டர்ல ஏத்திக் குடுத்துடேன். பொருத்தத்தை அதுவே பாத்துச் சொல்லட்டும். எனக்குக் கண்ணு சரியா தெரியல" என்றார்.

வேறு யாராவது கேட்டிருந்தால் போய் வேலையைப் பாருங்க என்றிருப்பேன். ஆனால் அந்த மூணாவது நோட்டில் எங்க அண்ணன் இருந்தான். முப்பத்தொன்பது வயசு. கீழப்பழுவூர் பக்கம் எங்க நிலத்தில் மக்காச்சோளமும் பருத்தியும் போடுகிறான். அம்மா அவன் ஜாதகத்தை மஞ்சப்பையில் போட்டு எடுத்துக்கொண்டு ஏறி இறங்காத வாசல் கிடையாது. நோட்டு கம்ப்யூட்டரில் ஏறிவிட்டால், மாமா கண்ணுக்குத் தப்பின ஏதாவது ஒரு பொண்ணு அவனுக்கு அகப்படாதா என்று எனக்கு ஒரு நப்பாசை. "அரை நாள் வேலை மாமா" என்றேன். அந்த வாயை அப்போதே தைத்துப் போட்டிருக்க வேண்டும்.

சனிக்கிழமை லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினேன். அண்ணன் பைக்கில் வந்து சேர்ந்தான். அவன் நோட்டைப் படிப்பது, நான் தட்டுவது, மாமா சந்தேகம் தீர்ப்பது என்று ஏற்பாடு.

இந்த மாதிரி விவரங்களை நாங்கள் ஜேசன் என்கிற முறையில் எழுதுவோம். ஒரு சுருள் அடைப்புக்குறி போட்டு, உள்ளே ஒரு பெயர், அதற்கு நேராக அதன் மதிப்பு: உயரம் இவ்வளவு, படிப்பு இது என்று. நான் பயன்படுத்துகிற லைப்ரரிக்கு, அதாவது யாரோ ஏற்கனவே எழுதிவைத்த நிரல் தொகுப்புக்கு, எண் தெரியும், எழுத்து தெரியும், தேதி தெரியும், ஆமாம் இல்லை தெரியும். நட்சத்திரம் தெரியாது, குலதெய்வம் தெரியாது. அதையெல்லாம் நாமாகத்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும். இப்படி ஒரு விவரம் உண்டு, அதில் இன்னின்னதுதான் வரலாம், வேறு ஏதாவது வந்தால் இன்ன காரணம் சொல்லித் தள்ளு என்று ஒவ்வொன்றுக்கும் விதி எழுத வேண்டும்.

முதலில் உயரம். எண்ணாக இருக்க வேண்டும் என்று எழுதினேன். அண்ணன் படித்தான்: "உயரம், நல்ல உயரம்."

"நல்ல உயரம்னா எத்தனை அடி மாமா?"

"நெலப்படியில குனிஞ்சு வந்தா நல்ல உயரம்."

வயசு அதைவிட மோசம். நோட்டில் பாதிப் பேருக்கு மேல் "தை பொறந்தா இருபத்தெட்டு" என்றுதான் எழுதியிருந்தது. எந்த வருஷத்துத் தை என்று ஒரு இடத்திலும் இல்லை. கேட்டதற்கு மாமா என்னைப் பார்த்துப் பரிதாபப்பட்டார். "அதை எழுதக் கூடாது புள்ள. வருஷத்தைப் போட்டுட்டா அப்புறம் வயசு ஏற ஆரம்பிச்சிடும்ல."

நட்சத்திரம் சுலபம் என்று நினைத்தேன். இருபத்தேழு பெயரை வரிசையாகக் கொடுத்து, இதில் ஒன்றுதான் வரலாம் என்று விதி வைத்தேன். அங்கேயும் ஒரு பதினைந்து பேரைத் தள்ளியது. என்ன என்று பார்த்தால், "மூலம், ஆனா ஒண்ணும் பண்ணாது" என்று எழுதிவைத்திருக்கிறார். ஒருவருக்கு "மூலம், மாமனார் இல்லாத வீடாகப் பார்க்கவும்" என்று வேறு. எனக்குத் தலை கிறுகிறுத்தது. "மாமா, இது ஜாதக நோட்டா, சமாதான நோட்டா?" என்று கத்தினேன். கீழே உரக்கடைக்காரர் படியேறி வந்து, ஏதாவது தகராறா என்று எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

மாமா ஒரே ஒரு விதியில்தான் கறாராக இருந்தார். "ஒரே குலதெய்வம்னா பங்காளி. அண்ணன் தங்கச்சி முறை. அதுல போயி பொண்ணு எடுத்தா ஊரே காறித் துப்பும். அதை மொதல்ல போடு" என்றார். ஆகா, கடைசியில் தெளிவாக ஒரு விதி சொல்கிறாரே என்று எனக்கு அவ்வளவு சந்தோஷம். குலதெய்வம் என்று ஒரு விவரம், கட்டாயம் நிரப்ப வேண்டும், ரெண்டு பக்கமும் ஒன்றாக இருந்தால் "முறை இல்லை" என்று சொல்லித் தள்ளு. அஞ்சு நிமிஷத்தில் எழுதி முடித்தேன்.

இப்படி மூணு சனிக்கிழமை போன பிறகு, முதல் முறையாகப் பொருத்தம் பார்க்க ஓட்டினேன். முதல் ஆளாக அண்ணனைப் போட்டேன். அவன் யாரோ பொண்ணு நேரில் வரப்போகிற மாதிரி தலையைக் கோதிவிட்டுக்கொண்டு திரையைப் பார்த்தான்.

சைபர்.

அடுத்த பையனைப் போட்டேன், சைபர். அதற்கடுத்தவன், சைபர். மாமா நோட்டில் இருக்கிற எவனுக்கும் எவளும் கிடையாது. "முறை இல்லை, முறை இல்லை" என்று திரை முழுக்க வரிசை கட்டி நிற்கிறது. உள்ளே போய்ப் பார்த்தேன். அண்ணனுக்குக் குலதெய்வம் கல்லங்குறிச்சி பெருமாள். நோட்டில் முதலில் இருக்கிற பொண்ணுக்கும் கல்லங்குறிச்சி பெருமாள். அடுத்த பையனுக்கும், அவன் மச்சானுக்கும், உடையார்பாளையத்துப் பொண்ணுக்கும், எல்லாருக்கும் கல்லங்குறிச்சி பெருமாள். என் ஸ்கிரிப்ட் சுத்துப்பட்டு முழுவதையும் ஒரே வயிற்றில் பிறந்த பிள்ளைகளாக்கிவிட்டது.

"அப்ப இத்தனை வருஷமா நீங்க பண்ணிவச்ச கல்யாணமெல்லாம் என்ன முறையில பண்ணுனீங்க?" என்று மாமாவைப் பிடித்துக்கொண்டேன்.

மனுஷன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார். "குலதெய்வம் எதுன்னு கேட்டா எல்லாரும் பெருமாளைத்தான் சொல்லுவாங்க புள்ள. வெள்ளாமை வூட்டுக்கு வந்தா மொத மூட்டை அங்கதான போவுது. அவரு எல்லாருக்கும் பொது. நான் எங்க குலதெய்வத்தைக் கேக்கிறேன்? பங்காளிங்க எல்லாம் ஒண்ணா கூடி எங்க பொங்க வைப்பீங்கன்னு கேப்பேன். அப்பதான் ஏரிக்கரைக் கருப்பு, முந்திரிக்காட்டு முனின்னு உள்ளேருந்து வேற ஆளு வெளிய வருவாரு. அவரு ஒத்துப்போனாத்தான் பங்காளி."

"அதை ஏன் நோட்டுல எழுதல?"

"அது என் தலையில இருக்குல்ல?"

அந்தத் தலையைச் சுவரில் முட்ட வைக்கலாமா என்று ஒரு கணம் தோன்றியது. தாய்மாமன், பாவம், விட்டுவிட்டேன். இன்னும் ரெண்டு சனிக்கிழமை உட்கார்ந்து, ஒவ்வொரு வீட்டுக்கும் அவர் தலைக்குள்ளிருந்த சாமியைக் கேட்டு வாங்கினேன். "பொங்கல் வைக்கும் இடம்" என்று புதிதாக ஒரு விவரத்தை வரையறுத்து, பங்காளி விதியைப் பெருமாளிடமிருந்து எடுத்து அதன் தலையில் வைத்தேன். திரும்ப ஓட்டினேன்.

அண்ணனுக்கு ஒன்பது பொண்ணு!

ஐயோ, அன்றைக்கு நாங்கள் போட்ட ஆட்டத்தைப் பார்த்திருக்க வேண்டும். அம்மாவுக்குப் போன் போட்டேன், அவள் அங்கேயே அழ ஆரம்பித்துவிட்டாள். அண்ணன் கீழே போய் மூணு பேருக்கும் டீயும் அரைக் கிலோ ஜாங்கிரியும் வாங்கிவந்தான். மறுநாளே மீசைக்கு மை தடவி போட்டோ எடுத்து எனக்கு அனுப்பினான். சிரித்தபடி ஒன்று, சிரிக்காமல் ஒன்று. "ஒம்போது வூட்டுக்கும் ஒரே போட்டோ அனுப்பலாமா, இல்ல மாத்தி மாத்தி அனுப்பணுமா பாப்பா?" என்று கேட்டிருந்தான்.

அத்தோடு நான் நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் நோட்டில் கடைசியாக ஒரு கட்டம் பாக்கி இருந்தது: எதிர்பார்ப்பு. அதை மட்டும் எந்த விதியும் இல்லாமல், எழுதியிருப்பதை அப்படியே ஏற்றிவைத்திருந்தேன். சரிபார்க்காத ஒரு விவரம் உள்ளே கிடந்தால் எனக்குச் செருப்பில் கல் மாட்டின மாதிரி இருக்கும். அடுத்த சனிக்கிழமை அதையும் ஒழுங்குபடுத்த உட்கார்ந்தேன். மாமா நெளிந்தார். "அது வேணாம் புள்ள, விடு. அதெல்லாம் பேசிக்கிறது" என்றார். நான் எங்கே கேட்கிற ஜாதி?

எதிர்பார்ப்பில் என்னென்ன வருகிறது என்று முதலில் பிரித்தெடுத்தேன். அரசு வேலை. ஐடி. குடிக்காதவர். "மாமியார் வேறு ஊரில் இருந்தால் நலம்." அப்புறம், பக்கத்துக்குப் பக்கம் ஒன்று வந்துகொண்டே இருந்தது: விவசாயம் வேண்டாம். அப்பா தொழில் விவசாயம் என்று மேல் வரியில் இருக்கும். கீழ் வரியில் விவசாயம் வேண்டாம். நான் பாட்டுக்கு வேலை மும்முரத்தில், வேண்டாம் என்று சொன்ன தொழில் மாப்பிள்ளைக்கு இருந்தால் தள்ளு என்று விதியை எழுதி ஓட்டிவிட்டேன்.

ஒன்பதும் போய்விட்டது. திரும்பவும் சைபர்.

அண்ணன் ஃபேனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். எனக்கு எங்கிருந்து வந்ததோ அவ்வளவு ஆத்திரம். "இவளுங்க மூணு வேளையும் எதைத் திங்கிறாளுங்க? கம்பெனியில காய்ச்சதையா? அப்பன் ஏர் ஓட்டினாத்தான இவளுக்கு காலேஜு? எந்த மூதேவி இதை மொதமொதல்ல எழுதினது மாமா? சொல்லுங்க, அவ வூட்டுக்கே போயி நாலு வார்த்தை கேட்டுட்டு வரேன்!"

மாமா நோட்டை மூடிவைத்தார். பிறகு எழுந்து போய் பீரோவைத் திறந்து, கல்யாணம் முடிந்தவர்களின் பழைய கட்டிலிருந்து, நோட்டில் ஏற்றுவதற்காக வீட்டார் நிரப்பித் தருகிற ஃபாரம் ஒன்றை உருவி என் முன்னால் வைத்தார்.

போட்டோவில் இருந்தது நான். இருபத்திரண்டு வயசு, தலை நிறையக் கனகாம்பரம். பன்னிரண்டு வருஷத்துக்கு முந்தைய ஃபாரம். அதில் எதிர்பார்ப்பு என்ற கட்டமே இல்லை. திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் நீல மையில், அடியில் கோடு போட்டு அழுத்தி எழுதியிருந்தது: "விவசாய மாப்பிள்ளை வேண்டாம். கம்பெனி வேலை இருந்தால் போதும்."

அண்ணன் கையெழுத்து.

"இவன்தான் எழுதிக் குடுத்தான்" என்றார் மாமா. "இது நல்லாருக்கே, இப்படி ஒண்ணு எல்லாரையும் கேக்கலாமேன்னு அடுத்த தடவை அச்சடிக்கிறப்ப அதுக்குன்னு ஒரு கட்டம் போட்டேன். அதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல."

அண்ணன் ஃபாரத்தை வாங்கிப் பார்த்தான். "அந்த வருஷம் மழையே இல்ல. பருத்தி பூரா கருகிப்போச்சு" என்றான். "உன்னைக் கொண்டுபோயி இன்னொருத்தன் காட்டுல களை வெட்ட விட எனக்கு மனசு வரல பாப்பா. தப்பா ஒண்ணும் எழுதலையே." அந்த ரெண்டு வரிக்கு அமைந்தவர்தான் என் வீட்டுக்காரர், சிமெண்ட் ஆலையில் வேலை. நான் மேசையில் கவிழ்ந்து அழுதேன். வெட்கமாக இருந்தது, அவன் மேல் அவ்வளவு பாசமாகவும் இருந்தது. என்னையே அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

அப்புறம் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து விதியை மாற்றினேன். தள்ளு என்று இருந்ததை எச்சரி என்று ஆக்கினேன். ஒரு வார்த்தைதான். ஒன்பது பேரும் திரும்ப வந்தார்கள், ஒவ்வொரு பெயர் பக்கத்திலும் மஞ்சளாக ஒரு எச்சரிக்கை.

"நம்பரைச் சொல்லு. நானே பேசறேன்" என்றான் அண்ணன்.

"மாப்பிள்ளையே பேசக் கூடாதுடா, நல்லாருக்காது" என்று மாமா தடுத்தார். அவன் கேட்கவில்லை. முதல் நம்பரைப் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தான். பொண்ணோட அம்மா எடுத்தார்கள். நல்ல மாதிரிதான் பேசினார்கள்.

"பையன் என்ன பண்றாருங்க?"

"விவசாயங்க. நாலு ஏக்கரு, சொந்த போர் இருக்கு."

"கூடப் பொறந்தவங்க?"

"ஒரு தங்கச்சிங்க. கட்டிக் குடுத்தாச்சு."

"விவசாயத்துக்கா குடுத்தீங்க?"

அண்ணன் என்னைப் பார்த்தான். நான் ஆமாம் என்று சொல்லச் சொல்லித் தலையை ஆட்டினேன், மாமாவும் ஆட்டினார்.

"இல்லீங்க. கம்பெனி மாப்பிள்ளை" என்றான்.

"உங்க வூட்டுப் பொண்ணுக்கு வேணாம்னு தோணுனது எங்க பொண்ணுக்கு மட்டும் எப்படிங்க?" அந்த அம்மா கோபமாகக் கேட்கவில்லை. உண்மையாகவே பதில் தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்கள்.

"நியாயந்தாங்க" என்றான் அண்ணன். போனை மேசையில் வைத்தான். தண்ணீர் பாட்டிலைத் திறந்து ஒரு வாய் குடித்தான்.

"அடுத்த நம்பரைச் சொல்லு பாப்பா."