பச்சை மையில் ஒரு பாதை

தேவபிரசாதம் உள்ளங்கையில் முகப்பவுடரைக் கொட்டித் தேய்த்துக்கொள்கிறார். தூத்துக்குடி வெக்கையில் இது நாளைக்கு ஏழெட்டுத் தடவை நடக்கும். வியர்வைக் கையோடு படத்தைத் தொடமாட்டார். பக்கத்து மேசையில் டைப் அடிக்கும் நான், மனிதர் அலங்காரப் பிரியர் போலிருக்கிறது என்று முதல் வாரம் தப்புக்கணக்குப் போட்டேன்.

அவர் எங்கள் நகரத் திட்ட ஆபீசின் டிராப்ட்ஸ்மேன். வரைவது கஞ்சி போட்டு மெருகேற்றிய டிரேசிங் துணியில். ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டால் போதும், அந்த இடம் வெளுத்துப் பூத்துவிடும். அதனால் அவர் மேசைக்கு நாலடிக்குள் டீ கிளாஸ் வரக் கூடாது. அதிகாரியே வந்து நின்றாலும் முகத்தைப் பார்ப்பதற்கு முன் கையைத்தான் பார்ப்பார். நாசரேத்தில் வாத்தியார் வீட்டுப் பிள்ளை. சட்டை எப்போதும் பளீரென்ற வெள்ளை. பையில் இரண்டு கைக்குட்டைகள், ஒன்று முகத்துக்கு, ஒன்று பேனாவுக்கு. இரண்டும் மாறிப்போனால் அன்று முழுக்க அவரோடு பேச முடியாது.

இந்த 1977-இல் அவர் வரைவது 2001-ஆம் வருஷத்துத் தூத்துக்குடியை. துறைமுகம் பெருத்து, ஊர் நாலா பக்கமும் வழிந்த பிறகு, ஜனங்கள் மூச்சுவிடப் பூங்கா எங்கே, காலார நடக்கப் பாதை எங்கே என்பதெல்லாம் அவர் பொறுப்பு. அதற்கென்றே ஒரு பச்சை மைப் புட்டி. "ரெண்டாயிரத்து ஒண்ணுல எனக்கு எழுபத்தெட்டு வயசு சார். நான் இருப்பனோ என்னமோ. பாதை கெடக்கும்லா?" என்பார்.

நடந்து பார்க்காத பாதைக்கு அவர் மை தொடுவதில்லை. திரேஸ்புரம் கரையிலிருந்து உப்பளத்து ஓரமாக மாப்பிள்ளையூரணிப் பக்கம் ஓர் ஒற்றையடிப் பாதை போகிறது. விடிகாலையில் மீன்காரப் பெண்கள் தலையில் பெட்டியோடு ஓட்டமும் நடையுமாகப் போகிற வழி. பொட்டு நிழல் கிடையாது. படத்தில் அதற்கு இருபுறமும் மரம் வைத்தார். விதிப்புத்தகத்தில் சொன்னபடி கால் மைலுக்கு ஒரு பெஞ்சும் போட்டார். பெருமை தாங்காமல் ஒருநாள் என்னையும் இழுத்துக்கொண்டு போய், அந்த வழியில் இருபது வருஷமாக மீன் சுமக்கும் மரியசெல்வியிடம் நகலைக் காட்டினார்.

அவள் பெட்டியை இறக்காமலே சிரித்தாள். "பெஞ்சா? குத்தவச்சுட்டா பெறவு பெட்டிய யாரு அண்ணாச்சி தூக்கி விடுவா? ஒத்தையில வாரவ எங்கன போயி இறக்குவா? தலை உசரத்துக்கு ஒரு கல்லு போடுங்க. அதுல தள்ளிட்டு நின்னுக்கிடுவோம்."

அவர் நகலைச் சுருட்டிக்கொண்டார். "ரெண்டு மாசமா நடக்கேன், இது என் மண்டையில ஏறலியே" என்று ஆபீஸ் வரும்வரை புலம்பினார். பதினோரு பெஞ்சும் போய்ப் பதினோரு சுமைதாங்கிக் கற்கள் வந்தன. அவற்றுக்கு விதிப்புத்தகத்தில் அடையாளமே இல்லை. இரண்டு கால், மேலே ஒரு கோடு என்று அவரே ஒன்று உண்டாக்கினார். உயரம் தெரிய மறுபடியும் போய், பெட்டியோடு அவளைத் தன் பக்கத்தில் நிற்கச் சொன்னார். பெட்டியின் அடி, நெடியவரான அவருடைய தோளுக்குச் சரியாக வந்தது. நாலடி பத்தங்குலம் என்று ஓரத்தில் எழுதிக்கொண்டார்.

படம் ஒப்புதலுக்கு மெட்ராஸ் போயிற்று. வருகிற மே மாதம் அவருக்கு ஓய்வு. படத்துக்கு அடுத்த திருத்தம் ஐந்து வருஷம் கழித்துத்தான். "இத விட்டா எனக்கு வேற படம் கெடையாது சார்" என்று ஒருநாள் சொன்னார். ஆறாவது வாரம் படம் திரும்பி வந்தது. பூங்காக்கள் இருந்தன. பாதையின் மேல் மட்டும் நீளமாக ஒரு சிவப்புப் பென்சில் கோடு.

"துறைமுகத்து லாரி ரோட்டுக்கு அகலம் போறாதாம், பாதைய எடுத்துடணுமாம். நானும் ரெண்டு லெட்டர் எழுதிப் பாத்துட்டேன் ஓய்" என்றார் அதிகாரி பராங்குசம். அவருக்கும் மனசில்லைதான். டீ டம்ளரை வெளியிலேயே வைத்துவிட்டு வந்திருந்தார்.

துணியில் ஏறிய மையைப் பிளேடால்தான் சுரண்ட வேண்டும். வேறு யாரிடமாவது கொடுத்துவிடுங்கள் என்று சொல்லிப் பார்த்தேன். "வேண்டாம் சார். அடுத்தவன் சுரண்டுனா துணி கிழிஞ்சிரும்." பவுடர் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். மத்தியானம் முழுக்க எனக்கு அந்தச் சத்தம்தான் கேட்டுக்கொண்டிருந்தது. பச்சைத் தூளை அவர் ஊதித் தள்ளியபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. இதைச் சொல்ல என்ன வெட்கம்.

"அந்தப் பிள்ளைட்ட சொல்லணும்லா?" என்று மறுநாள் விடிந்ததும் கிளம்பினார். நானும் போனேன். உப்பளத்துத் திருப்பத்தில் மரியசெல்வி வந்தாள்.

"கல்லு வராது தாயி. பாதைய எடுத்துட்டாவ."

"போவுது விடுங்க அண்ணாச்சி. இம்புட்டு நாளும் கல்லு வச்சுக்கிட்டா நடந்தோம்?" என்று அவள் நடையைக் கட்டினாள்.

"ஒரு நிமிசம் நில்லு தாயி."

குடையை என்னிடம் தந்துவிட்டு அவள் பக்கத்தில் போய் நின்றார். அவள் தலையிலிருந்த பெட்டியை அப்படியே தன் தோளுக்கு நகர்த்தி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். மீன்தண்ணீர் வெள்ளைச் சட்டையில் வழிந்து முழங்கை வரை இறங்கியது.

"ஐயோ, சட்டை போச்சு அண்ணாச்சி!"

"நீ மூச்சு விட்டுக்கோ" என்றார்.

அவள் கழுத்தைத் தேய்த்துவிட்டுக்கொண்டு கடலைப் பார்த்து நின்றாள். அவர் அசையவில்லை.