ஸ்கிரீனைத் தொடாதீங்க

"கையால காட்டாதீங்க, வாயால சொல்லுங்க!" என்று சொல்லி முடிக்கும் முன்பே அக்காவின் மரஸ்கேல் வாடிக்கையாளரின் விரல் நுனியைத் தட்டிவிடும். கம்ப்யூட்டர் திரையில் பள்ளி முத்திரைச் சிங்கத்தின் வாலைச் சுட்டிக்காட்ட வந்த விரல், பாவம், பாதி வழியில் திரும்பிப் போகும். பள்ளிக்கூடத் தலைமையாசிரியருக்கும் அதே ஸ்கேல்தான், அதே தட்டுதான். பிறகு அக்கா ஒரு மெல்லிய துணியை எடுத்து, விரல் படாத இடத்தையும் சேர்த்துத் துடைப்பாள். "எண்ணெய்க் கை, வேர்வைக் கை, எல்லாக் கையும் இவன் மேலதான் வந்து விழணுமா? ஸ்கிரீனைத் தொடாதீங்கன்னு எழுதியே ஒட்டப் போறேன்."

இவன் என்பது கம்ப்யூட்டர். எம்பிராய்டரிக் கடையின் பின்னறையில், பெரிய தையல் மிஷினுக்குப் பக்கத்தில் இவனுக்கு ஒரு மேசை. அக்கா வரைந்து கொடுக்கும் படத்தை இவன் தையல் தையலாகப் பிரித்து மிஷினுக்குச் சொல்வான். மிஷின் கடகடவென்று சட்டைப் பைகளில் முத்திரை குத்தித் தள்ளும். கடை அக்காவும் தம்பியும் சேர்ந்து தொடங்கியது. தம்பி வெளியே அலைந்து ஆர்டர் பிடிப்பான், அக்கா உள்ளே உட்கார்ந்து வேலை பார்ப்பாள். அன்று உட்கார்ந்த நாற்காலியை அவள் இன்றுவரை விடவில்லை. சாப்பிடப் போகும்போதுகூட நாற்காலியின் மெத்தையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போவாள். மெத்தை இல்லாத நாற்காலியில் எவர் வந்து உட்காரப் போகிறார் என்பது அவள் கணக்கு.

கல்யாணம் வேண்டாம் என்று அவளாகவே சொல்லிவிட்டாள். யாராவது துருவிக் கேட்டால், "ஒரு ஆளைக் கட்டிச் சமாளிக்கறதுக்கு இவனைச் சமாளிச்சுட்டுப் போறேன்" என்பாள். சொல்லிவிட்டு அவளே முதலில் சிரிப்பாள்.

இவன் அவ்வப்போது மந்தமாகிவிடுவான். அப்போது இருப்பதையெல்லாம் அழித்துவிட்டு, அதே பழைய சிஸ்டத்தை சிடியிலிருந்து மறுபடியும் ஏற்றுவாள். அதற்கு அவள் வைத்திருக்கும் பெயர் குளிப்பாட்டுவது. "இன்னிக்கு இவனைக் குளிப்பாட்டணும், யாரும் உள்ள வராதீங்க" என்று சொல்லி அறைக்கதவைத் தாழ் போட்டுக்கொள்வாள். ஊர் உலகமெல்லாம் புதுப்புது சிஸ்டத்துக்கு மாறிய பிறகும் அக்கா மாறவில்லை. மாறவும் முடியாது. அவளுடைய தையல் புரோகிராம் அந்தப் பழைய சிஸ்டத்தில் மட்டும்தான் திறக்கும், வேறெதிலும் வாயே திறக்காது.

இன்னொரு பழக்கமும் உண்டு. படியிறங்கும்போதும் நூல்கண்டு மாட்டும்போதும் அவள் உதடு எதையோ முணுமுணுத்துக்கொண்டே இருக்கும். "அக்காவுக்கு பக்தி ஜாஸ்தி" என்று வீட்டில் பேச்சு. அக்கா ஆமாம் என்றும் சொன்னதில்லை, இல்லை என்றும் சொன்னதில்லை.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, தம்பிக்குக் கல்யாணமாகிச் சின்னவள் வரும்வரை.

சின்னவள் என்று அக்காதான் கூப்பிட ஆரம்பித்தாள், பிறகு வீடே கூப்பிட்டது. முன்பு கூரியர் ஆபீஸ் கவுண்ட்டரில் இருந்தவள். கை சுறுசுறுப்பு, வாய் அதைவிட. காலையில் அக்காவின் காப்பியில் சர்க்கரை எவ்வளவு என்பது வந்த மறுநாளே அவளுக்குத் தெரிந்துவிட்டது. பேச்சுக்குப் பேச்சு "அக்கா, அக்கா" என்பாள். அவள் கெட்டவளாக இருந்திருந்தால் அக்காவுக்கு எவ்வளவோ சௌகரியமாக இருந்திருக்கும். நாலு பேரிடம் சொல்லிப் புலம்பவாவது ஒரு குறை கிடைத்திருக்கும். குறையே இல்லாத மனுஷியைப் பார்த்து வயிறெரிந்தால் அதை யாரிடம் போய்ச் சொல்வது? வயிறு என்னவோ எரியத்தான் செய்தது. சின்னவள் பின்னறை வாசலில் வந்து நின்று எட்டிப் பார்த்தாலே அக்கா விசைப்பலகையின் மேல் கையை வளைத்துக்கொள்வாள், பரீட்சையில் பக்கத்துப் பிள்ளைக்குக் காட்டாமல் எழுதும் பிள்ளை மாதிரி.

இந்த நேரம் பார்த்து இவன் செத்துப் போனான். ஒரு காலை நேரம் சுவிட்சைப் போட்டதும் பெட்டிக்குள்ளிருந்து புகை வந்தது, அவ்வளவுதான். டிசைன்கள் இருந்த டிஸ்க் பிழைத்தது. அதையும் சிடி டிரைவையும் கழற்றி வைத்துக்கொண்டு, வெறும் பெட்டியைப் பழைய சாமான்காரரிடம் போட்டார்கள். கீபோர்டை அக்கா யாருக்கும் தெரியாமல் ஒரு துண்டில் சுற்றித் தன் பீரோவுக்குள் வைத்துக்கொண்டாள்.

புதுத் திரையோடு புதுப் பெட்டி வந்தது. பளபளவென்று, சத்தமே இல்லாமல் ஓடியது. அக்கா கதவைத் தாழ் போட்டுக்கொண்டு வழக்கம்போலச் சிடியைப் போட்டாள். கொஞ்ச தூரம் போனதும் திரை முழுக்க நீலமாகி, வெள்ளை எழுத்தில் ஏதோ திட்டிவிட்டு நின்றது. மறுபடி போட்டாள், மறுபடி நீலம். இத்தனை வருஷம் தன் கைக்கு மடங்கியது இன்று ஏன் மடங்கவில்லை என்று அவளுக்குப் புரியவில்லை. சாயங்காலம் கதவைத் திறந்து வெளியே வந்தபோது முகம் தொங்கியிருந்தது.

தம்பி நல்லதாகத்தான் சொன்னான். "விடுக்கா. நீயும் எத்தனை நாள்தான் இதோட மல்லுக்கட்டுவ? சின்னவ போன்ல பாத்து ஏதாவது பண்ணுவா. நீ கொஞ்சம் ரெஸ்ட் எடு."

ரெஸ்ட்! அந்த ஒரு வார்த்தை அக்காவுக்குச் சுருக்கென்று தைத்தது. இந்த வீட்டில் அவளுக்கு அறை உண்டு, தட்டு உண்டு, மரியாதையும் உண்டு. ஆனால் அவள் யார் என்று கேட்டால் அதற்குப் பதில் அந்த நாற்காலிதான். நாற்காலி போய்விட்டால் அப்புறம் அவள் தம்பி வீட்டில் ரெஸ்ட் எடுக்கிற ஒரு அக்கா. வேறென்ன?

மறுநாள் சின்னவள் போனை நூல்கண்டுகளுக்கு நடுவில் சாய்த்து வைத்து, எவனோ ஒருவன் பேசும் வீடியோவைப் பார்த்தபடி வேலையில் இறங்கினாள். நாற்காலியில் மெத்தை இல்லை. அதை அவள் கவனித்த மாதிரியே தெரியவில்லை. அக்கா எதிரே முக்காலியில் உட்கார்ந்து பேட்ஜ்களில் பிசிறு நூல் வெட்டிக்கொண்டிருந்தாள். கத்தரிக்கோல்தான் கையில், காது முழுக்க அங்கே.

"நீலம் வந்துடுச்சாம்மா?" என்று கேட்டாள். குரலில் கவலை.

"வந்துடுச்சுக்கா."

"அடடா" என்றாள் அக்கா. அவள் வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது.

அந்தப் பால் கொஞ்ச நேரத்திலேயே திரிந்துவிட்டது. "அக்கா! கண்டுபிடிச்சுட்டேன். இந்தப் புது டிஸ்க்கைப் பழைய சிஸ்டத்துக்கு அடையாளம் தெரியலையாம். பழைய டிஸ்க் மாதிரி நடின்னு செட்டிங்ஸ்ல சொல்லிட்டா போதுமாம்." சொன்னாள், மாற்றினாள், நீலம் போய்விட்டது. சிஸ்டம் தடையில்லாமல் ஏறத் தொடங்கியது. தம்பி வாசலிலிருந்தே, "பாத்தியாக்கா, இவ எப்படி?" என்றான். அக்கா "ம்" என்றாள். கையிலிருந்த பேட்ஜில் பிசிறோடு சேர்ந்து நல்ல நூலும் அறுந்தது.

பாதிக்கு மேல் ஏறிய பிறகு திரையில் ஐந்து வெள்ளைக் கட்டங்கள் வந்து நின்றன. சிஸ்டத்தின் சாவி எழுத்தைக் கேட்டது. அந்த இடத்தில் மவுஸ் அசையவில்லை, கீபோர்டும் செத்துக் கிடந்தது. சின்னவள் மறுபடி போனைக் குடைந்தாள். இந்தக் காலத்துத் தட்டை முனைக் கீபோர்டை அந்தக் காலத்து சிஸ்டத்துக்குத் தெரியாதாம். அந்தக் காலத்து வட்ட முனைக் கீபோர்டு இருந்தால் நடக்குமாம். நல்லவேளையாகப் புதுப் பெட்டியின் முதுகில் அதற்கென்று ஒரே ஒரு வட்டத் துளை இருந்தது. ஆனால் கீபோர்டுக்கு எங்கே போவது? பக்கத்து ஜெராக்ஸ் கடைக்காரர், "அதையெல்லாம் எப்பவோ தூக்கிப் போட்டாச்சும்மா" என்று கைவிரித்தார்.

"நம்ம பழைய கீபோர்டு இருந்துச்சே, அதையும் போட்டுட்டோமாக்கா?"

அக்கா தலையைத் தூக்கவில்லை. "பெட்டியோட போயிருக்கும்" என்றாள். பொய்தான். மனசு அடித்துக்கொண்டது, ஆனால் அந்த அடிப்பிலும் ஒரு சுகம் இருந்தது.

தம்பி உள்ளே வந்து கையைப் பிசைந்துகொண்டு நின்றான். "ஸ்கூல்ல கேட்டுக்கிட்டே இருக்காங்க. இனி இதை நம்பிப் பிரயோஜனமில்ல. அடுத்த தெருக் கடையில குடுத்துடலாம். அவன்கிட்ட எல்லாமே புதுசு. சிங்கத்தை அவனே முதல்லேர்ந்து வரைஞ்சுக்கறேன்னுட்டான்."

கத்தரிக்கோல் நின்றது. அடுத்த தெருக்காரனா? அந்தச் சிங்கத்தின் பிடரியில் ஒவ்வொரு தையலும் அக்கா வைத்தது. மீசைக்கு மட்டும் எத்தனை தடவை நூல் மாற்றியிருக்கிறாள்! அதை அவன் வரைவானாம். ஊரில் இத்தனை பிள்ளைகளும் அவன் சிங்கத்தை நெஞ்சில் குத்திக்கொண்டு திரிவார்களாம். சின்னவள்மேல் இருந்த எரிச்சல் விறகடுப்பு என்றால், இது காட்டுத்தீ. பெரிய பொறாமை வந்து சின்னப் பொறாமையை விழுங்கிவிட்டது.

"கீபோர்டு என் பீரோல இருக்கு" என்றாள் அக்கா.

பெட்டியோடு போன கீபோர்டு பீரோவுக்கு எப்படி வந்தது என்று யாரும் கேட்கவில்லை. "நல்லவேளை எடுத்து வச்சீங்கக்கா! எனக்கு இது தோணியிருக்காது" என்றாள் சின்னவள், நிஜமான சந்தோஷத்தோடு. அதைத்தான் அக்காவால் தாங்க முடியவில்லை.

வட்ட முனையைச் செருகிப் பெட்டியை மறுபடி தொடங்கினார்கள். கீபோர்டின் மூலையில் பச்சை விளக்கு எரிந்தது. ஐந்து கட்டங்கள் திரும்ப வந்தன, முதல் கட்டத்தில் கோடு மினுக்கியது.

"இருபத்தஞ்சு எழுத்து கேக்குதுக்கா. பழைய பெட்டி மேல ஸ்டிக்கர் இருந்திருக்குமே?"

ஸ்டிக்கர் இருந்தது உண்மை. வேறு யாரும் இவனைக் குளிப்பாட்டிவிடக் கூடாதென்று அக்கா அதை எப்போதோ நகத்தால் சுரண்டி எடுத்துவிட்டாள் என்பதும் உண்மை. இரண்டாவதை அவள் சொல்லவில்லை. "அது எப்பவோ போச்சு" என்றாள்.

"அப்ப அவ்வளவுதானா?" என்றான் தம்பி.

அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். உதடு அசைந்தது. படியிறங்கும்போது அசையுமே, அதே அசைவு. இந்தத் தடவை மட்டும் சத்தம் வெளியே வந்தது. "அடிம்மா. பி, ஏழு, கே, எம், நாலு..."

சின்னவளின் விரல் ஒரு கணம் அப்படியே நின்றது. "அக்கா! நீங்க சொல்லிக்கிட்டே இருப்பீங்களே, அது சாமி பாட்டு இல்லையா?"

"அடின்னா அடி."

ஒரு கட்டம் நிரம்பியது, இரண்டு, மூன்று. அக்கா தாளம் தப்பாமல் சொல்ல, சின்னவள் தட்டிக்கொண்டே போனாள். தம்பி வாயைப் பிளந்துகொண்டு நின்றான். நாலாவது கட்டம் முடிந்தது. அக்கா நிறுத்திக்கொண்டாள்.

"அப்புறம்க்கா?"

கடைசிக் கட்டத்தில் கோடு மட்டும் மினுக்கிக்கொண்டிருந்தது.

"மறந்துடுச்சாக்கா?" என்றான் தம்பி.

"எனக்கா மறக்கும்?" அக்கா எழுந்து, முக்காலிக்கு அடியிலிருந்து மெத்தையை எடுத்தாள். "எந்திரி."

சின்னவள் சட்டென்று எழுந்தாள். அக்கா மெத்தையைப் போட்டு, அதன்மேல் நன்றாக அழுந்தி உட்கார்ந்து, நாற்காலியை மேசையோடு இழுத்துக்கொண்டாள். திரும்பிப் பார்த்தாள். சின்னவளுக்குப் புரிந்துவிட்டது போலிருக்கிறது, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். தம்பியின் தோளையும் பிடித்துத் திருப்பினாள்.

இருவர் முதுகையும் அக்கா பார்த்தாள். பார்த்த பிறகும் நம்பவில்லை. ஒரு விரலும் படாத அந்தப் புதுத் திரையில், கடைசிக் கட்டத்தின்மேல், இடது உள்ளங்கையை முழுசாக வைத்து அழுத்தி மூடிக்கொண்டு, வலது கையால் ஐந்து எழுத்தையும் ஒவ்வொன்றாகத் தட்டினாள். அடுத்த திரை வந்த பிறகுதான் கையை எடுத்தாள்.