இனி மாறாது

குதிரைப் பந்தயத்துக்கு வருகிறவனுக்கு இரண்டு வாய். ஜெயித்தால், "நான் அப்பவே சொன்னேன்ல" என்கிற வாய். தோற்றால், ஜாக்கியில் ஆரம்பித்து மழை, மண், குதிரைக்குப் புல் போட்டவன் வரைக்கும் வரிசையாக ஏசுகிற வாய். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம், அந்த ரகம். அப்பேர்ப்பட்ட வாய்களே பல வருஷமாக ஒரு குறையும் சொல்லாமல் விட்டுவைத்திருந்த ஆள் ஒருவர் உண்டென்றால் அது மைக்காரர்தான்.

மைக்காரர் பந்தயத்தை வர்ணிக்கிறவர். பார்வையாளர் மாடத்தின் உச்சியில், தகரக் கூரைக்குக் கீழே, அவருக்கு ஒரு கண்ணாடிக் கூண்டு. உள்ளே ஒரு மேஜை, கால் ஆடுகிற நாற்காலி, கழுத்து வளைந்த மைக், ஒரு பைனாகுலர். ரேஸ் தொடங்கிவிட்டால் உட்கார மாட்டார். இடது கையால் பைனாகுலரைத் தூக்கிப் பிடித்தபடி, எது முன்னால், எது உள்பக்கம், எது திணறுகிறது என்று மூச்சு விடாமல் சொல்லிக்கொண்டே போவார். அந்தக் குரல் மைதானத்து ஒலிபெருக்கிகளிலும், ஊருக்குள் இருக்கும் பந்தயக் கூடத்திலும், வீட்டு ரேடியோக்களிலும் ஒரே நேரத்தில் கேட்கும். இப்போது போனிலும் படம் காட்டுகிறார்கள். ஆனால் போனில் வருகிற படம் கொஞ்சம் பிந்தித்தான் வரும். குதிரை இன்னும் வளைவே திரும்பவில்லையே என்று போன்காரன் பார்த்துக்கொண்டிருக்கும்போது, பக்கத்தில் ரேடியோ கேட்டவன் தோற்ற பந்தயச் சீட்டைக் கிழித்துப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போயிருப்பான். யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே.

கடைசி நேர்பாதையில் அவர் ஒரு வார்த்தை சொல்வார். "இனி மாறாது." அவ்வளவுதான். எல்லா ரேஸிலும் சொல்ல மாட்டார். பின்னால் வருகிற குதிரைகளை ஒவ்வொன்றாகப் பார்த்து, இதில் எதுவும் முன்னால் போவதைப் பிடிக்காது என்று உறுதியான பிறகு, முடிவுக் கம்பத்துக்குக் கொஞ்சம் முன்னால் சொல்வார். சொன்னால் சொன்னதுதான், ஒருநாளும் பொய்த்ததில்லை. கூடத்தில் இருக்கிறவர்கள் முடிவுப் பலகையைக்கூடப் பார்ப்பதில்லை. அந்த வார்த்தை காதில் விழுந்ததும் கையிலிருக்கும் தோற்ற சீட்டை நாலாகக் கிழித்தெறிந்துவிட்டு அடுத்த ரேஸைப் பற்றிப் பேசத் தொடங்கிவிடுவார்கள்.

ஜாக்கிகளுக்கும் இந்தப் பழக்கம் தொற்றிக்கொண்டிருந்தது. நேர்பாதை வேலியோரத்திலும் ஒலிபெருக்கி உண்டு. முன்னால் போகிற ஜாக்கி அந்த வார்த்தையைக் கேட்டதும் சவுக்கைத் தாழ்த்தி, கையைத் தளர்த்தி, குதிரையை அதன் போக்கில் விட்டுவிடுவான். ஜெயித்த குதிரையை எதற்குப் பிழிய வேண்டும் என்பது லாயத்து நியாயம்.

போன சீசன் நடுவில் மைக்காரர் அந்த வார்த்தையை நிறுத்தினார்.

மனைவிக்கு நெஞ்சில் சளி கட்டி ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். மருந்துக்கடையில் வேலை பார்க்கிற ஒரே மகள் லீவு போட்டுவிட்டு அம்மாவின் கட்டிலை விட்டு நகராமல் உட்கார்ந்திருந்தாள். ஒருநாள் மத்தியானம் காய்ச்சல் இறங்கியது. நோயாளி கண் திறந்து காப்பி கேட்டாள். டாக்டர் பரவாயில்லை என்றார். மைக்காரர் மனைவியின் முகத்தை நன்றாகப் பார்த்தார், பிறகு மகளிடம் திரும்பினார். "இனி மாறாதும்மா. நீ வீட்டுக்குப் போய்க் குளிச்சிட்டுக் கொஞ்சம் தூங்கிட்டு வா" என்றார். மகள் போனாள். அவள் குளித்துத் தூங்கி எழுந்து திரும்பி வருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

அதைப் பற்றி அப்பாவும் மகளும் பேசிக்கொண்டதே இல்லை. உப்பு போதுமா, கதவைப் பூட்டியாச்சா, மின்சார பில் வந்ததா என்பதோடு பேச்சு முடிந்துவிடும். அவர் அழவும் இல்லை. பல் டாக்டர் ஊசி போட்ட கன்னத்தைத் தொட்டுப் பார்க்கிற மாதிரி, அவ்வப்போது மனசைத் தொட்டுப் பார்ப்பார். ஏதோ வீங்கிக் கிடப்பது தெரியும், வலி மட்டும் தெரியாது. மனைவி இருந்தவரை, ரேஸ் முடிந்து வீட்டுக்கு வந்ததும், "மூணாவது ரேஸ்ல என்ன அவ்வளவு அவசரம் உங்களுக்கு?" என்று கேட்டுக்கொண்டேதான் தட்டு வைப்பாள். ஒரு தடவைகூடப் பந்தயம் கட்டாதவள், ஒரு தடவைகூட மைதானத்துக்கு வராதவள். அவரைப் பொறுத்தவரை ரசிகர் கருத்து என்றால் அது அவள் கருத்துதான். அவள் போன பிறகு, அவள் ரேஸ் கேட்கிற ரேடியோவைத் துணி போட்டு மூடி ஃபிரிட்ஜ் மேல் வைத்துவிட்டார்கள்.

கூண்டு ஒன்றுதான் அவருக்கு ஆறுதல். அங்கே எதையும் உணர வேண்டியதில்லை. கண் பார்ப்பதை வாய் சொன்னால் போதும்.

ஆனால் வாய் சொன்னது காதுகளுக்குப் போதவில்லை. கூடத்து டீக்கடையில் தினமும் இதே பஞ்சாயத்துதான். காதில் எந்நேரமும் பென்சில் செருகியிருப்பதால் பென்சில் என்று பெயர் வாங்கிய ஒருவர். கோர்ட் படியே ஏறாமல், எதற்கெடுத்தாலும் வாதாடுவதால் லாயர் என்று பெயர் வாங்கிய இன்னொருவர்.

"குரல்ல உயிரே இல்லப்பா. ரயில் லேட்டுன்னு சொல்ற அம்மாகூட இதைவிட ஆசையாச் சொல்லும்" என்றார் பென்சில்.

"அது நல்லதுதானே. வர்ணிக்கிறவன் கத்தினா நமக்கும் சூடு ஏறும், இருக்கிறதையெல்லாம் அடுத்த ரேஸ்ல கொண்டுபோய்க் கொட்டுவோம். அவர் புண்ணியத்துல என் சட்டை இன்னும் என் உடம்புல இருக்கு."

"உன் சட்டையை யார் கேட்டா? அந்த வார்த்தை எங்க? அது இல்லாம சீட்டை எப்பக் கிழிக்கிறதுன்னே தெரியல. பிரசவ வார்டு வாசல்ல நிக்கிறவன் மாதிரி நிக்க வேண்டியிருக்கு."

"நில்லேன். சீட்டு என்ன அவ்வளவு கனமா கனக்குது?"

"சீட்டு கனக்காது. ஒருவேளை வந்துடுமோ, ஒருவேளை வந்துடுமோன்னு நிக்கிறோம் பாரு, அதுதான் தாங்க முடியல" என்றார் பென்சில்.

இந்த மாதிரிக் கருத்துகள் எல்லாம் ஒன்று சேர்ந்து, கடைசியில் கிளப் செயலாளர் காதுக்கும் போயிற்று. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? சீசனின் பெரிய கோப்பைப் பந்தயத்தன்று செயலாளர் படியேறி மூச்சிரைக்கக் கூண்டுக்குள் வந்தார்.

"மனசுல வச்சுக்காதீங்க சார். போன் ஒளிபரப்புக்காரங்க வேற ஆளைக் கூட்டிட்டு வந்து நிக்கிறாங்க. சினிமா சேனல்ல கத்துற பையன். நான்தான் மைக்கை உங்களுக்காகப் பிடிச்சு வச்சிருக்கேன். இன்னைக்குக் கோப்பை ரேஸ்ல அந்த வார்த்தையைச் சொல்லிடுங்க. ஒரே ஒரு தடவை. அடுத்த சீசனும் மைக் உங்களுக்குத்தான். இல்லேன்னா என் கையில ஒண்ணும் இல்ல."

"சொல்ற மாதிரி ரேஸ் அமையணுமே சார்."

"அமையாம? சாம்பல் ராணி ஓடுது. அதை யார் பிடிக்கப் போறா?"

செயலாளர் போன பிறகு மைக்காரர் யோசித்துப் பார்த்தார். கூண்டு போனால் மிச்சம் வீடு. வீட்டில் அந்த மூடிய ரேடியோ, உப்பு போதுமா, கதவைப் பூட்டியாச்சா. அதை நாள் முழுக்கத் தாங்க முடியாது என்று அவருக்குத் தெரிந்தது. ஒரு வார்த்தைதானே, சொல்லித் தொலைப்போம் என்று நினைத்துக்கொண்டார்.

சாம்பல் ராணி, பெயருக்கேற்ற சாம்பல் நிறப் பெண்குதிரை. அதன் மேல் சுருட்டை என்கிற ஜாக்கி, பிள்ளைகுட்டிக்காரன், அந்த சீசனில் ஒரு கோப்பையும் எடுக்காதவன். அதை எதிர்த்து ஓடியவற்றில் ஒன்றின் பெயர் கடைசி பஸ். பெயர் வைத்த முதலாளிக்கு நல்ல குறும்பு. எப்போதும் எல்லாக் குதிரைக்கும் பின்னால் ஓடி, கூட்டம் எழுந்து போகிற நேரத்தில்தான் வேகம் எடுக்கும். பென்சில் அன்றைக்கு அதன் மேல் கட்டியிருந்தார்.

"நடந்தே வீட்டுக்குப் போறதுன்னு முடிவு பண்ணிட்டியா?" என்று லாயர் கேட்டாராம்.

கதவுகள் திறந்தன. மைக்காரர் சொல்லத் தொடங்கினார். முதல் வளைவில் சாம்பல் ராணி நடுவில், இரண்டாவது வளைவில் முன்னால், நேர்பாதைக்குள் நுழையும்போது தன்னந்தனியாக. மாடம் முழுக்க எழுந்து நின்றது. அவருக்குள் ஒன்றும் எழவில்லை. செயலாளர் கீழேயிருந்து கூண்டை அண்ணாந்து பார்ப்பது மட்டும் தெரிந்தது. வழக்கமாகப் பின்னால் வருகிறவர்களைப் பார்த்துவிட்டுத்தான் அந்த வார்த்தையைச் சொல்வார். அன்று பைனாகுலரைத் திருப்பவே இல்லை. சாம்பல் ராணியை மட்டும் பார்த்தபடி, "இனி மாறாது" என்றார்.

கூட்டம் 'ஹோ'வென்று ஆர்ப்பரித்தது, ரொம்ப நாளாக அதற்குத்தானே காத்திருந்தார்கள். கூடத்தில் சீட்டுகள் கிழிந்தன. வேலியோர ஒலிபெருக்கியில் அதைக் கேட்ட சுருட்டை, பழக்கதோஷம், சவுக்கைத் தாழ்த்திக் கையைத் தளர்த்தினான். சாம்பல் ராணி மூச்சு வாங்கி வேகம் குறைந்தது. கூட்டத்தின் சத்தத்தில் அவனுக்குப் பின்னால் வந்த குளம்புச் சத்தம் கேட்கவில்லை. வெளிப்பக்கமாகக் கடைசி பஸ் வந்தது. அவன் திரும்பிப் பார்த்து, பதறிக் குனிந்து, மறுபடி கையை இறுக்குவதற்குள் கம்பம் கடந்துவிட்டது. முடிவுப் போட்டோவில் ஒரு மூக்கு வித்தியாசத்தில் கடைசி பஸ் முன்னால். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை.

பந்தயக் கூடத்தில் அப்புறம் நடந்தது பார்க்கச் சகிக்காத கூத்து. பெரிய பெரிய ஆம்பளைகள் தரையில் முட்டி போட்டு, யாரோ மிதித்த காகிதத் துண்டுகளை ஊதி ஊதிப் பொறுக்கினார்கள். பென்சில் தன் சீட்டின் மூன்று துண்டுகளைக் கண்டுபிடித்தார். நாலாவது கடைசிவரை கிடைக்கவில்லை. லாயர் எந்தக் குதிரை மேல் கட்டினார் என்பது முக்கியமில்லை. அவர் கிழிக்கவில்லை, அவ்வளவுதான், அதை அன்றைக்கு நூறு தடவை சொல்லிக் காட்டினார். அதுவரை மைக்காரரை முணுமுணுப்போடு விட்டுவைத்திருந்த வாய்கள் எல்லாம் அன்று முழுசாகத் திறந்தன. தவளை தன் வாயால் கெடும் என்றார் ஒருவர். காசு வாங்கிக்கொண்டு சொல்லியிருப்பார் என்றார் இன்னொருவர். இல்லையப்பா, இத்தனை வருஷத்தில் இப்படி ஒரு ரேஸ் கேட்டதில்லை, மயிர்க்கூச்செறிந்துவிட்டது என்று போனில் கருத்து எழுதியவர்களும் இருந்தார்கள்.

கூண்டின் கதவைத் தட்டிவிட்டுச் சுருட்டை உள்ளே வந்தான். முகமெல்லாம் மண், கக்கத்தில் ஹெல்மெட்.

"உக்காருப்பா" என்றார் மைக்காரர்.

"வேணாண்ணே. சண்டைக்கு வரல. மனசு கேக்கல, அதான் வந்தேன்." நின்றுகொண்டே பேசினான். "கடைசி வளைவுலயே ரெண்டு கையும் மரத்துப்போச்சுண்ணே. எப்படா சொல்வாரு, எப்படா சொல்வாருன்னே ஓட்டிட்டு வந்தேன். நீங்க சொன்னீங்க. நான் கையைத் தளர்த்திட்டேன்."

"நான் சொல்லாம இருந்திருந்தா?"

"இன்னும் நாலு தாவல்தானேண்ணே. பல்லைக் கடிச்சுட்டு ஓட்டியிருப்பேன்."

வாழ்நாள் முழுக்கப் பேசிப் பிழைத்த மைக்காரரின் வாய், ஒரு மன்னிப்புக் கேட்கத் திறக்கவில்லை. சுருட்டை, "வரேண்ணே" என்று படியிறங்கிப் போய்விட்டான்.

வீட்டுக்கு வந்தபோது ரேடியோ சாப்பாட்டு மேஜையில் இருந்தது. மூடியிருந்த துணி பக்கத்தில் மடித்து வைக்கப்பட்டிருந்தது. மகள் தட்டு வைத்தாள்.

"ரேஸ் கேட்டேன்பா."

"ம்."

"அந்த வார்த்தையைச் சொன்னீங்க."

"சொல்லச் சொன்னாங்கம்மா."

அவள் சோற்றைப் போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்தாள். மேஜை விரிப்பின் ஓரத்தை நீவிக்கொண்டே பேசினாள்.

"ஆஸ்பத்திரியில அம்மா கையைப் பிடிச்சிட்டே இருந்தேன்பா. விட்டா ஏதாவது ஆயிடுமோன்னு பயம். சாப்பிடும்போதுகூட விடல. கை மரத்துப்போயிடுச்சு. போதும், நீ போன்னு யாராவது சொல்ல மாட்டாங்களான்னு இருந்துச்சு. நீங்க சொன்னீங்க. விட்டுட்டேன்."

அவர் கை தட்டிலேயே நின்றது.

"உங்களைக் குத்தம் சொல்லலப்பா. ஆஸ்பத்திரிப் படியிறங்கும்போது எனக்குச் சந்தோஷமா இருந்துச்சு. நிஜமாவே சந்தோஷமா இருந்துச்சு. அதைத்தான் இத்தனை நாளா யார்கிட்டயும் சொல்ல முடியல."

அப்போது பார்த்துப் போன் அடித்தது. செயலாளர். குரலில் கல்யாண வீட்டுக் குதூகலம்.

"சார், எங்க பார்த்தாலும் நம்ம பேச்சுத்தான். திட்டுறான், பாராட்டுறான், ஆனா எல்லாரும் பார்த்திருக்கான். அடுத்த சீசன் மைக் உங்களுக்குத்தான், நான் பேசிட்டேன். ஒண்ணே ஒண்ணு, எல்லா ரேஸ்லயும் அந்த வார்த்தையைச் சொல்லிடணும்."

"இனிமே அதைச் சொல்ல மாட்டேன் சார்."

"என்ன சார் இது? அப்படின்னா மைக்…"

"அந்தப் பையனுக்குக் குடுங்க" என்று சொல்லிப் போனை வைத்தார்.

மகள் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் வலது கை மேஜை மேல், ரேடியோவுக்குப் பக்கத்தில் கிடந்தது. மைக்காரர் பைனாகுலர் பிடிக்கிற தன் இடது கையை எடுத்து அதன் மேல் வைத்தார். வைத்ததுகூட அவருக்குச் சரியாகத் தெரியவில்லை, சூடா குளிரா என்று சொல்லத் தெரியவில்லை. கை மரத்துத்தான் கிடந்தது. சோறு ஆறிப்போயிற்று. அவர் கையை எடுக்கவில்லை.