கிணற்றடிக் காட்சி

நூம்பலில் எங்கள் குடியிருப்பின் ஆண்டு விழாவுக்கு, பழைய ஊர்க்காரர்களின் நினைவுகளை வைத்து நாடகம் போட்டோம். அவர்களும் புதிதாகக் குடிவந்த நாங்களும் ஒருவரையொருவர் புரிந்துகொள்வதற்காம். எழுதியவன் நான்.

அதற்காகத்தான் பழைய ஊர்க்காரரான ஒரு விவசாயியைப் பார்த்தேன். ஒடிசலான உடம்பு. பேசும்போது துண்டின் நுனியைக் கயிறு போல முறுக்கிக்கொண்டே இருப்பார். தண்ணீர் இல்லாத ஒரு கோடையில் ஊருக்கு வெளியே ஒதுக்கி வைத்திருந்த காலனிப் பெண்கள் குடத்தோடு அவர் கிணற்றடிக்கு வந்திருக்கிறார்கள். கயிற்றைத் தொடக்கூடாது என்று விரட்டியது இவர்தான். "அதுல ஒருத்தி மாசமா இருந்தா" என்றார்.

மேடையில் அதே கிணற்றில் காலனிப் பெண்களோடு ஊரே சேர்ந்து பாடிக்கொண்டு நீர் இறைத்தது. ஒரே கைதட்டல். காலனியிலிருந்து வந்தவர்கள் பாதியில் எழுந்து போனார்கள். பசி போலும் என்று நினைத்தேன்.

முடிந்ததும் அந்த விவசாயிக்குப் பொன்னாடை போர்த்தினேன்.

"நான் சொன்னது எங்க நைனா?"

"விழா நாள் ஐயா. பாக்குறவங்களுக்குச் சங்கடமா இருக்கும்னு..."

"எனக்குச் சங்கடமா கீதுன்னுதான சொன்னேன். அத்த வாங்கிகினு போய் என்னை நல்லவனா ஆக்கிட்டியே."

பொன்னாடையை மடித்து என் கையில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

"அந்தக் காலத்துல என்ன ஒத்துமை பாருங்க" என்று பக்கத்து ஃபிளாட்காரர் என் கையைக் குலுக்கினார். நான் சிரித்து நன்றி சொன்னேன். இடது கையில் அவர் மடித்துத் தந்த பொன்னாடை இருந்தது.